மூன்றாம் பக்கம்

சுரங்கத்தில் மாண்ட ஒன்பது பேருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் தலைவர் சிறப்புரை வாசிக்கிறார். அதை எழுதிக் கொடுத்த குமாஸ்தா கடைசி வரிசையில் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லி வருகிறார். முன்வரிசை பெரிய மனிதர்களுக்குப் போய்விட்டதால், அந்த விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவுக்கும் அவர் பக்கத்தில்தான் இடம். சன்னல் வெயில் தலைவரின் கண்ணாடியில் மின்னுகிறது. எச்சில் தொட்ட விரல் தாளைப் புரட்ட, இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரள்கின்றன. இடையில் விடுபட்டது, ஒன்பது பெயர்களும் இருந்த மூன்றாம் பக்கம். குமாஸ்தாவின் உதடு மட்டும் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கிறது. உரை முடிந்து எல்லோரும் மௌனமாக எழுந்து நிற்கிறார்கள். அம்மா குமாஸ்தாவின் கையைத் தொடுகிறாள்.

"எனக்குக் காது மந்தம்பா. எம்மகன் பேரைச் சொன்னாரா?"

"மொதப் பேரே அதுதாம்மா."

அவள் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து நிற்கிறாள்.