கடைசிக் குஞ்சு

“ஏங்க, சீக்கிரம் வாங்க. நம்ம மாமரத்துல இதுவரைக்கும் பார்க்காத பறவை.”

தலையில் கொண்டை, ரிப்பன் போல நீண்ட வெள்ளை வால். ஜோடியாக வந்து கூடு கட்டத் தொடங்கியிருந்தன. மரத்தை வெட்டிவிட்டுக் கார் ஷெட் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற கணவர், அன்றோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

விட்டது மட்டுமா? ஆபீசிலிருந்து வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

“குஞ்சு பொரிச்சாச்சா?”

“பொரிச்சாச்சு.”

“றெக்கை முளைச்சிடுச்சா?”

“என் பிரசவத்துக்குக்கூட நீங்க இவ்வளவு விசாரிக்கலை” என்று சிரித்தாள் மனைவி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனிதர் இப்போதுதான் தன் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று உள்ளூர நெகிழ்ந்தும் போனாள்.

நேற்று மாலை அவளே ஆபீசுக்குப் போன் செய்தாள். “கடைசிக் குஞ்சும் பறந்துடுச்சுங்க. கூடு காலி.”

“நல்லா பார்த்தியா?”

“ஏணி போட்டு ஏறியே பார்த்துட்டேன்.”

இன்று காலை அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், மரம் வெட்டுபவர் மெஷின் ரம்பத்தோடு வாசலில் வந்து நின்றார்.

“யார் உங்களை வரச் சொன்னது?”

“சார்தாங்க்கா. போன மாசம் நீங்க இல்லாதப்பவே வந்து மரத்தைப் பார்த்தேன். கூடு இருக்கிற மரத்துல நான் கை வைக்கிறதில்லை, குஞ்சு பறந்ததும் சொல்லுங்கன்னுட்டுப் போனேன்.”

“பறந்துடுச்சுன்னு அவர் சொன்னாராக்கும்?”

“அவர் சொன்னதை நான் நம்பலைக்கா. நீங்களே ஏறிப் பார்த்துச் சொன்னீங்கன்னாரு. அப்புறம்தான் கிளம்பி வந்தேன்.”