பொறிக்கு வைத்த எலிகள்

மழை விட்ட பிற்பகல். கணவனும் மனைவியும் அறை வாசலிலேயே உறைந்து நிற்கிறார்கள். உள்ளே, உத்தரத்தில் கட்டிய ஒற்றைக் கயிற்றில் குழந்தையின் தொட்டில் தொங்குகிறது. என்றோ கப்பல் சரக்கோடு வந்திறங்கிய மரப்பாம்புகள் இந்தத் தீவின் பறவைகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. ஜன்னலுக்கு வெளியே அத்தனை மரங்களிலும் ஒரு கீச்சொலி இல்லை. அந்தப் பாம்புகளுக்குப் பொறி வைப்பதுதான் அவன் வேலை. பொறிக்குள் இரையாக விடவேண்டிய உயிருள்ள எலிகள் மழையில் விறைத்துவிடக் கூடாதே என்று, கூண்டோடு தூக்கிவந்து, விருந்தாளிகளைப் போலத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தவனும் அவன்தான். காலையிலிருந்து கூண்டுக்குள் அவை கிழங்கைக் கொறித்து அவள் உயிரை வாங்கிய சத்தம் இப்போது நின்றுவிட்டது. எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் ஒண்டிக் கிடக்கின்றன. “எலி வாசனைக்குத்தான் அது தேடி வரும்னு நீங்கதானே சொல்வீங்க?” என்று கிசுகிசுக்கிறாள் அவள். எத்தனையோ பாம்புகளைப் பிடித்த கை கதவு நிலையைப் பற்றியபடியே இருக்கிறது. தொட்டில் கயிற்றை ஒட்டி, பழுப்பாக, வழவழப்பாக, இன்னொரு கயிறு மெல்ல இறங்குகிறது. “கத்தாத. அசையாத,” என்கிறான். தொட்டிலிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, அந்தப் புதுக் கயிற்றைப் பிடிக்கப் பார்க்கிறது.