கோட்டு பொய் சொல்லாது

"இந்தப் பொண்ணை இனிமே முன்னாடி நிறுத்த முடியாதுப்பா. பட்டன் சேரவே மாட்டேங்குது."

கோட்டுகள் தொங்கும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற ரிசப்ஷன் பெண்ணுக்கு அது தெளிவாகவே கேட்டது. அந்தப் பக்கம் இஸ்திரி போடுபவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது இஞ்ச் டேப் மேடம். அந்தப் பெரிய ஹோட்டலின் யூனிஃபார்ம் அறை அவர் பொறுப்பு. கழுத்தில் எப்போதும் அளவு நாடா. அதனால் அந்தப் பெயர்.

அங்கே யூனிஃபார்ம் வீட்டுக்குப் போகாது. வேலை முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் துவைத்து, இஸ்திரி போட்டுக் கிடைக்கும். திங்கட்கிழமைதோறும் மேடம் எதிரில் கோட்டைப் போட்டு, பட்டனைப் பூட்டிக் காட்ட வேண்டும். சேராவிட்டால் ரிசப்ஷன் கிடையாது, பின்பக்கம் டெலிபோன் அறைதான்.

டெலிபோன் அக்கா அப்படிப் போனவள்.

"பன்னு, என் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்று அவள் சிரித்தாள். அந்த ரிசப்ஷன் பெண்ணுக்கு அவள் வைத்த பெயர் அது.

பன்னுவுக்குச் சிரிப்பு வரவில்லை. புது ஆட்களைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண் அவள். அந்த மேஜைக்குப் பின்னால் நின்றுதான் நாலு பேரோடு பேசக் கற்றிருந்தாள். அன்றைக்கே போனில் விளம்பரம் பார்த்து, எடை குறைக்கும் மாத்திரைக்கு ஆர்டர் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை பட்டன் பூட்டப் போனவளின் விரல்கள் நழுவின.

"கை ஏன் நடுங்குது?" என்றார் மேடம்.

"மாத்திரை மேடம். எடை குறையறதுக்கு."

"தூக்கம் வருதா?"

"இல்ல மேடம்."

மேடம் கோட்டின் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பார்த்தார். நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"அடுத்த வாரம் பார்க்கிறேன். போ."

கல்லுக்குக் கோட்டு மாட்டிய மாதிரி இருந்தது மேடம் முகம்.

ஆனால் அடுத்த வாரம் பட்டன் சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் கோட்டுக்குள் கொஞ்சம் காற்றுகூடப் போனது.

"சேர்ந்துடுச்சில்ல? இனிமே மாத்திரையை நிறுத்து" என்றார் மேடம்.

"பொறாமைடி. கையில சிக்கின ஆள் தப்பிக்குதேன்னு வயித்தெரிச்சல்" என்றாள் அக்கா.

பன்னு நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் குறையட்டுமே என்று பார்த்தாள். ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை.

"அக்கா, மருந்துக் கடை மெஷின்ல ஏறி நின்னேன். எடை அப்படியேதான் இருக்கு."

"அது காசு போட்டா எதையாவது காட்டும்."

"வீட்டுல போடற சட்டை எல்லாம் முன்ன மாதிரியே இறுக்குது."

"துவைச்சா துணி சுருங்காதா?"

"கடைக்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. உள்ள என்ன இருக்குன்னே போடலையே, இதை எப்படிம்மா முழுங்கறீங்கன்னாரு. படபடப்பு இருந்தா டாக்டர்கிட்ட போங்கன்னாரு."

"அவர் கடையில நீ வாங்கலையே, வேற என்ன சொல்வாரு? மெஷின் பொய் சொல்லும், கடைக்காரர் பொய் சொல்வாரு. கோட்டு பொய் சொல்லுமா? எனக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுடி. நானும் ஒரு தடவை முன்னாடி வந்து நிக்கிறேன்."

யோசித்துப் பார்த்தால் அக்கா சொல்வதும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் ராத்திரி படுத்தால் நெஞ்சு, கதவைத் தட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டது.

டப்பா வந்தது ஒரு திங்கட்கிழமை. யூனிஃபார்ம் அறை வாசலிலேயே பன்னு அதை அக்கா கையில் கொடுத்தாள்.

"என்ன அது?" மேடம் நிமிர்ந்தார்.

"இவ போடற மாத்திரைதான் மேடம். எப்படி இளைச்சிட்டா பாருங்க" என்றாள் அக்கா.

"உனக்குத்தான் பிரஷர் இருக்கே?"

"அதுக்கு வேற மாத்திரை போடறேனே மேடம். ரெண்டையும் சேர்த்து முழுங்கிட்டாப் போச்சு."

மேடம் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"கோட்டைக் கழட்டு" என்றார் பன்னுவிடம்.

அவ்வளவுதான், டெலிபோன் அறைதான் என்று நினைத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள்.

மேடம் கோட்டை உள்பக்கம் திருப்பி மேஜையில் விரித்தார். இரண்டு பக்கமும் உள்மடிப்பின் ஓரத்தையொட்டிப் புதுத் தையல் ஓடியது. அதற்கு உள்ளே தள்ளி, பிரித்த பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தத் துளைகள் மேலேயே குண்டூசிகளைக் குத்திக்கொண்டு வந்தார்.

"இப்போ போடு. பார்த்து, குத்தும்."

போட்டாள். பட்டன் சேரவில்லை. நடுவே அதே இரண்டு விரல் இடைவெளி.

அக்கா இடைவெளியைப் பார்த்தாள். பன்னுவைப் பார்த்தாள்.

"அப்போ... இவ இளைக்கவே இல்லையா?"

"பிரிச்சுத் தைச்சது நான்தான். மேலே தெரிஞ்சா என் வேலை போயிடும்" என்றார் மேடம். "கோட்டு சேர்ந்துட்டா இந்தப் பொண்ணு மாத்திரையை விட்டுடும்னு நினைச்சேன். இவ என்னடான்னா, உனக்கும் வாங்கிக் கொடுக்கிறா."

பன்னு அக்காவின் கையிலிருந்த டப்பாவை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

மேடம் குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கம்பியின் கோடிக்குப் போய், தூசி படிந்த உறையோடு தொங்கிய அக்காவின் பழைய ரிசப்ஷன் கோட்டை எடுத்து வந்து, உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.