புனே வேலை

"அம்மா, திட்டாதே. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த வேதா நிமிர்ந்தாள். மிருதுளாவின் முகம் வெளிறிக் கிடந்தது. பத்தாவது ரிசல்ட் அன்றுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"அப்பாவோட புனே வேலைக்கு இன்னிக்குள்ள பதில் சொல்லணும்னாங்கல்ல? மத்தியானம் லேப்டாப்ல அப்பா மெயில் திறந்தே இருந்துச்சு. 'வரலை'ன்னு அனுப்பிட்டேன். அனுப்பின மெயிலையும் அழிச்சுட்டேன்."

வேதாவின் கை அப்படியே நின்றது.

"ஏண்டி, எட்டு மாசமா மனுஷன் வேலை தேடி அலையறார். நானும் ஒரு வாரமா 'போயிட்டு வாங்க, வீட்டை நான் பாத்துக்கறேன்'னு தைரியம் சொல்லிட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு..."

"சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியிலயும் அப்பாவை எடுத்துட்டாங்களேம்மா! தாம்பரத்துல ட்ரெயின் பிடிச்சா போதும். தினம் வீட்டுக்கு வந்துடலாம்."

"சம்பளம் பாதிடி."

"தெரியும்." குரல் உடைந்தது. "அப்பாவுக்குப் புனேதான் பிடிச்சிருந்தா? நான் கெடுத்துட்டேனாம்மா?"

வேதா சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தாள். "மெயில்ல என்ன எழுதினே?"

"குடும்பக் காரணம்னு."

"அவ்வளவுதானா?"

வாசலில் செருப்புச் சத்தம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடக்கப்போன சத்யநாராயணன் திரும்பியிருந்தார். மிருதுளா ஓடிப்போய், அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள்.

கேட்டு முடித்தவர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார்.

"அடிப்பாவி! காலையிலேயே நான் வேணாம்னு அனுப்பிட்டு, யார் கண்ணுலயும் படாம அழிச்சும் வெச்சுட்டேன்டி. அதை உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரம் நடந்தேன்."

"அப்பா! நிஜமாவா?"

"உன்னோட ப்ளஸ் டூ வருஷத்துல எங்கயோ உக்காந்து ஓட்டல் சாப்பாடு சாப்பிடணுமா?" என்றவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதே வேதா. நீ போகச் சொன்னே. எனக்குத்தான் மனசு வரலை."

"நல்ல அப்பா, நல்ல பொண்ணு" என்ற வேதா, சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிருதுளாவுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது.

செல்போன் அடித்தது. சத்யநாராயணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கன்சல்டன்சியிலேர்ந்து டெபோரா பேசறேன். புனே கம்பெனிக்கு உங்க மெயில் வந்துடுச்சாம். ஆனா மூணு தடவை ஏன் அனுப்பினீங்கன்னு கேக்கறாங்க."

"மூணா? ரெண்டுதானேம்மா?"

"மூணு சார். அதுலயும் கடைசி மெயில்ல, 'என் ஹஸ்பண்டை அவ்வளவு தூரம் அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது'ன்னு எழுதியிருக்கீங்க... யாரு சார் உங்க ஹஸ்பண்ட்?"