முதல் இலை

கோயில் மண்டபத் தூணில் வெட்டியிருக்கிறது: 'முதல் இலை மடையனுக்கு.' வெட்டிய காலத்தில் மடையன் என்றால் சமையற்காரன். அதை அறிந்தவர் இப்போது ஊரில் ஒருவரும் இல்லை. ஆகவே அன்னதானத்தன்று ஒரு முட்டாளை உட்காரவைத்து, அவர் வாய்வைத்த பிறகே ஊர் சாப்பிடும். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே உட்காரும் பஞ்சநதம் இந்த ஆண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"யாராச்சும் உக்காருங்கப்பா," என்றார் தர்மகர்த்தா.

"நீங்களே உக்காரலாமே, பொருத்தமாத்தான் இருக்கும்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சமையற்காரர் ஆபத்சகாயம் மடைப்பள்ளி வாசலில் நின்று பார்த்தார். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. பந்தியில் குழந்தைகள் வெறும் இலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பசிக்கு முன்னால் தன் மானம் என்ன பெரிது என்று கரண்டியை வைத்துவிட்டு, சோறும் சாம்பாரும் பரிமாறியிருந்த முதல் இலையில் போய் உட்கார்ந்தார்.

பந்தி கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தபடியே, "சிவசிவா" என்று ஒரு கவளம் உண்டார். உடனே முகம் மாறி எழுந்தார்.

"யாருக்கும் பரிமாறாதீங்க. சாம்பார்ல உப்புப் போட மறந்துட்டேன்."

அவர் உள்ளே ஓடுவதைப் பார்த்துத் தர்மகர்த்தா தலையாட்டினார்.

"இதுக்குத்தான்யா பெரியவங்க மடையனை முதல்ல சாப்பிட வச்சிருக்காங்க."