ஒரு மங்கு தண்ணீர்

கீழ் லயத்து வீடுகள் பக்கம் மறுபடியும் வெடிச் சத்தம் கேட்டதும் கருப்பாயி தன் நாய் சிவலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

சிவலை ரம்புத்தான் மரத்தடியில் கட்டிக் கிடந்தது. அத்தனை சத்தத்துக்கும் காதைக்கூட அசைக்கவில்லை. காலையிலிருந்தே அது அப்படித்தான் கிடந்தது.

போன மாதம் வெறிநாய் ஒன்று லயத்துக்குள் புகுந்து, கண்ணில் பட்ட நாய்களையெல்லாம் கடித்துக் குதறிவிட்டு ஸ்கூடாய்ப் பக்கம் ஓடிப்போனது. அது வந்த வழியில் பக்கத்துத் தோட்டத்துக் காளியப்பனையும் கடித்திருந்தது. அவன் தண்ணீரைக் கண்டாலே அலறி, முந்தாநாள் செத்தான்.

இன்று காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தோட்டத்துத் துரையின் உத்தரவைச் சொல்லிவிட்டார்கள். சந்தேகத்துக்கு இடமான நாய் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது.

துப்பாக்கி, கணக்கெழுதுகிற கிராணி தம்பிராஜாவின் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்து ஆபீசில் வேலை பார்க்கிறவர். சுட்டுப் பழகியவர் இல்லை. மேல்சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால், ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஐயாசாமி குழி தோண்ட மண்வெட்டியோடு வந்தார்.

சனம் வாசல்களில் வந்து நின்றது.

கிராணி நாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. இது ஆரையும் கடிச்சதோ? கடிச்சதெண்டா பேச்சில்லை, சுடத்தான் வேணும்."

"இல்லீங்க ஐயா. யாரையும் கடிக்கல."

கருப்பாயி பொய் சொல்லி லயத்தில் யாரும் கேட்டதில்லை. ஐயாசாமியே முன்னால் வந்து, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னார். ஒரு மங்குத் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம், குடித்தால் விட்டுவிடலாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

வெறி பிடித்த நாய் தண்ணீரில் வாய் வைக்காது என்பது தோட்டத்தில் எல்லோருடைய நம்பிக்கை. கிராணியும் அதை நம்பினார். துப்பாக்கியைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்கு ஒன்றில் தண்ணீர் மொண்டு, நீளக் கம்பால் அதை மரத்தடிக்குத் தள்ளினார் ஐயாசாமி.

சிவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கம்பு இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் அடித்தொண்டையில் உறுமியது. கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. யாரோ பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

கிராணி துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, அவளை விலகச் சொன்னார்.

கருப்பாயி விலகவில்லை. மங்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கயிறு எட்டுகிற தூரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். இனிச் சுடுவதென்றால் அவள் முதுகைத் தாண்டித்தான் சுட வேண்டும்.

எழுந்து வரச் சொல்லி ஐயாசாமி சத்தம் போட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் சிவலையின் வாயை விட்டு அகலவே இல்லை.

காட்டோர ரப்பர் மர நிரையில் பால் வெட்ட யாரும் போக மாட்டார்கள். புலி நடமாடுகிற இடம். புருஷன் இல்லாதவள் மறுக்க மாட்டாள் என்று அதை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். தினமும் இருட்டோடு சிவலைதான் முன்னால் போகும். அது நின்றால் அவளும் நிற்பாள். அது நடந்தால் அவளும் நடப்பாள். அப்படித்தான் அவள் இத்தனை வருஷம் அந்த நிரையிலிருந்து திரும்பி வந்தாள்.

இப்போது அது பல்லைக் காட்டிக்கொண்டு அவளையே பார்த்தது.

அவள் மங்கைச் சாய்த்து, தண்ணீரை அதன் மூக்கில் சொட்ட விட்டாள்.

"குடி சாமி. எனக்காகக் குடி."

சிவலை தலையை உதறியது.

இன்னொரு சொட்டு விழுந்தது.

நாக்கு வெளியே வந்து மூக்கைத் துடைத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் கிராணி மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

பிறகு சிவலை கழுத்தை நீட்டி, மங்குக்குள் வாய் வைத்தது.

தண்ணீரை நக்குகிற சத்தம் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

கிராணி தோட்டாவை வெளியே எடுத்தார். நாயை அவிழ்க்கக் கூடாது, மறுபடியும் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். பக்கத்து வீட்டுச் செல்வராணி ஓடிவந்து, நாய்மேல் இத்தனை பாசமா, உனக்குப் பயமே கிடையாதா என்று கேட்டாள்.

கருப்பாயி மங்கை மறுபடியும் நிரப்பிச் சிவலைக்கு முன்னால் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

தரையில் உட்கார்ந்து சேலையை முழங்கால்வரை ஏற்றினாள். மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்த துணியைக் கெண்டைக்காலிலிருந்து மெல்லப் பிரித்தாள்.

அன்று விடியற்காலையில் ஒரு காரணமும் இல்லாமல் சிவலை பல் பதித்த இடம் சிவந்து வீங்கியிருந்தது.

வெளியே அது இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறதா என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.