அழிக்கிற கை

"ஏன்?"

அம்மா கேட்டு வாய் மூடவில்லை. மகளுடைய உள்ளங்கை கரும்பலகையில் ஒரே இழுப்பு. எழுதிய வரி போய்விட்டது.

சரியான வரி.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, நான் வாயத் தொறந்தாலே அழிச்சிருவியா?"

அங்கன்வாடிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட மத்தியானம். அம்மா அங்கே ஆயா. தட்டுகளைக் கழுவிக்கொண்டே மகளுக்கு நேர்காணல் ஒத்திகை நடத்துகிறாள். கணக்கு அவளுக்குச் சுத்தமாக வராது. வரவும் வேண்டாம், ஏன் என்று மட்டும் கேட்டால் போதும் என்று மகள் சொல்லியிருந்தாள்.

பலகை பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரில் அடித்தது. முட்டி போட்டுத்தான் எழுத வேண்டும்.

நாளை மறுநாள் சென்னை. கணிதம் மட்டுமே சொல்லித்தரும் ஒரு கல்லூரி. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், இனி நேர்காணல்தான்.

போன வருடமும் தேறினாள்.

போன வருடம் எதிரில் மூன்று பேராசிரியர்கள். அவள் எழுதினாள். நடுவில் இருந்தவர் "ஏன்?" என்றார். அழித்தாள். வேறு எழுதினாள். "இது ஏன்?" என்றார். அதையும் அழித்தாள். கடைசியில் வெறும் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். முதலில் எழுதியதுதான் சரி என்பது திரும்பி வரும்போது, ரயில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வாய்விட்டு அழவும் வழியில்லை, பெட்டி நிறையக் கூட்டம்.

அவளைச் சொல்லி என்ன? பன்னிரண்டு வருடப் பள்ளியில் ஒருவராவது தெரிந்துகொள்வதற்காக அந்த வார்த்தையைக் கேட்டதுண்டா? ஏன் லேட்டு. ஏன் சிரிச்ச. ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்க. ஏன் என்றாலே தப்பு என்று அர்த்தம். சட்டென்று அழித்தவளுக்கு அடி குறைவு.

இந்தத் தடவையும் தவறினால் ஜூன் முதல் ஜவுளிக்கடை வேலை. சித்தப்பா பேசி வைத்துவிட்டார். மூன்றாவது தடவை கிடையாது என்று அப்பாவும் சொல்லிவிட்டார். கத்திச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

"திரும்ப எழுது" என்றாள் அம்மா.

எழுதினாள். அடுத்தடுத்த மூன்று எண்களைப் பெருக்கினால் ஆறால் மீதியில்லாமல் வகுபடும்.

வலது கையை இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"ஏன்?"

இடது கை அழித்தது.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

அம்மா கொஞ்சிக் கேட்டுப் பார்த்தாள். ராகம் போட்டுக் கேட்டுப் பார்த்தாள். தட்டுகள் எல்லாம் கழுவி முடிந்தன. பலகையில் ஒரு வரியும் தங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை.

அதே அறை. பாவிகள், அதே மூன்று பேர்.

ஒற்றைப்படை எண் ஒன்றின் வர்க்கத்தை எட்டால் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டார்கள். எப்போதும் ஒன்று என்று எழுதினாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"ஏன்?" என்றார் நடுவில் இருந்தவர்.

பாதி வரி போன பிறகுதான் கை நின்றது.

சாக்பீஸ் தூள் அப்பிய கையோடு திரும்பினாள். பெரியவர்களை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டு அறியாத வாய் அது. எப்படித்தான் திறந்ததோ.

"தப்புன்னு கேக்கீங்களா சார், இல்ல தெரிஞ்சுக்கிறதுக்குக் கேக்கீங்களா?"



தீர்ந்தது, ஜவுளிக்கடைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். அவள் பெயரைப் பார்த்தார். பிறகு அவளையே வெகுநேரம் பார்த்தார்.

"போன வருஷமும் தெரிஞ்சுக்கத்தாம்மா கேட்டேன்."

அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். அழித்த பாதியை எழுதினாள். அதன் கீழே, 'ஏனென்றால்' என்று எழுதினாள்.